சில என்று சொன்னேன்

அன்றைக்கு எனக்கு ஒருநாள் கூலி,
மதியச் சோறு, பெட்ரோலுக்குத் தனியாக.
பிரெஞ்சில் வருவதை சூசூவில் இறக்கி
சூசூவில் எழுவதை பிரெஞ்சில் ஏற்ற வேண்டும்.
சரக்கு ரயிலின் வேலைதான்.
என் பெட்டிகளில் மண் இல்லை, அவ்வளவே.

கொலியாயா பள்ளிக்கூட முற்றத்தில்
மாமர நிழலில் நாற்காலிகள்:
கம்பெனிக்கு ஆறு, அரசாங்கத்துக்கு நான்கு,
ஊருக்குப் பாய்.
புரொஜெக்டர் வந்திருந்தது, மின்சாரம் வரவில்லை.
அதனால் அறிக்கையைக் கையில் பிடித்தே
வாசித்தார் அதிகாரி.
இத்தனை டன் பாக்சைட்,
இத்தனை கோடி பிராங்க்,
அதில் ஊரின் பங்கு இவ்வளவு,
கட்டி முடித்த மருத்துவமனை ஒன்று.

'கட்டி முடித்த' என்று நான் சொன்னதும்
எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின.
கூரையில்லாத நான்கு சுவர்களுக்குள்ளிருந்து
ஆடு ஒன்று எங்களைப் பார்த்தது.

அப்புறம் 'வெளிப்படைத்தன்மை' என்றார்.
மூன்று முறை.
எனக்குச் சொல் கிட்டவில்லை.
சுரைக்குடுவையில் தெளிந்த தண்ணீர்
என்று சொல்லிவைத்தேன்.
பின்வரிசையில் சிரிப்பு.
குடிக்கக் கொண்டுவந்த ஓடைத் தண்ணீர்
குடுவையில் அங்கேயே இருந்தது,
செங்கல்லைக் கரைத்த நிறத்தில்.

புந்துராபி எழுந்தாள்.
ரயில்வே கேட்டில் கொடி பிடிப்பவள்.
இமையிலும் செம்புழுதி.
பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"பகல் ரயிலுக்குக் கோடு, ராத்திரி ரயிலுக்கு வட்டம்.
எனக்குப் பிள்ளை பிறந்த வாரம்
தங்கச்சி போட்டாள், அவள் கோடு சாய்ந்திருக்கும்.
போன வருடம்
உங்கள் தாளில் இருப்பதைவிட
இருநூற்றுப் பன்னிரண்டு ரயில் கூடப் போயிருக்கிறது.
அதெல்லாம் எந்த ஊர் மண்?"

நான் அதிகாரியிடம் திரும்பி
மிக மரியாதையான பிரெஞ்சில் சொன்னேன்:
சில ரயில்கள் குறித்து
இந்த அம்மையாருக்குச் சிறு ஐயம்.

சில.
அப்படிச் சொல் என்று எவரும் சொல்லவில்லை.
கூலி கொடுப்பவர் முகத்தைப் பார்த்ததும்
நாக்கு தானாகவே தள்ளுபடி செய்துவிட்டது.

மண்ணில் ஈரம் உண்டு என்றார் அதிகாரி,
ஈரத்துக்கு விலையில்லை,
எடையைக் கழித்துத்தான் கணக்கு.

"அப்படியென்றால் இருநூறு ரயிலில்
மழையை ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனீர்களா?
கடலுக்கா தண்ணீர்ப் பஞ்சம்?"
கேட்டவன் கெர்ஃபல்லா.
அவனுடைய முந்திரித் தோப்பு
இப்போது ஒரு பள்ளம்.

அதையும் நான் இழைத்து வழவழப்பாக்கத் தொடங்கும்போது
புந்துராபி கையை நீட்டி என்னை நிறுத்தினாள்,
ரயிலை நிறுத்துகிற அதே கையால்.
வாக்கி டாக்கியில் ஸ்டேஷன் சொல்வதைக்
கேட்டுக் கேட்டு
அவளுக்குப் படிந்த பிரெஞ்சு எண்கள் மட்டும்தான்.
என்னைத் தாண்டி அவரிடமே சொன்னாள்:
"தெ சான் தூஸ்."

மறுபடியும் சொன்னாள்.
பொருள் தெரியாதவர்களும் பாயிலிருந்து சொன்னார்கள்.
பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.
அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.
எண்ணா, வெறும் கிறுக்கலா,
என் நாற்காலியிலிருந்து தெரியவில்லை.
கம்பெனிக்காரர் ஒருவர்
அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்.
அதை மட்டும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

பொழுது சாய்ந்து பைக்கில் திரும்பும்போது
கேட் மூடியிருந்தது.
கொடியோடு அவள் நின்றாள்.
ரயில் வந்தது, வந்துகொண்டே இருந்தது,
பற்களுக்கிடையில் மண் நறநறத்தது.
கூலிப் பணம் சட்டைப்பையில்
மடித்தபடி.

கடைசிப் பெட்டி போனதும்
நோட்டில் கோடு போட்டாள்.
தலை நிமிராமல் கேட்டாள்:
"எத்தனை பெட்டி?"

நிறைய என்று வந்த வாயை
மூடிக்கொண்டேன்.
எழுபத்திரண்டு வரை எண்ணினேன்,
அதற்குமேல் தவறிவிட்டது என்றேன்.

கேட்டைத் திறந்தாள்.